வரவும் செலவும்: மருத்துவச் சிகிச்சையைச் சீர்தூக்கும் தமிழ்

1. முன்னுரை

‘செலவு’ என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் பணத்தோடு சேர்த்தே வழங்குகிறோம். சங்க இலக்கியத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்த அது செல்லுதலை, பயணத்தைக் குறித்தது. பொருள் தேடித் தலைவன் புறப்படும் புறப்பாடே செலவு. கையைவிட்டுப் போவது என்னும் பொருள்விரிவால் அது பின்னர்ப் பணத்துக்கும் உரியதாயிற்று. அதன் இணையாகிய ‘வரவு’ என்பது ‘வா’ என்னும் வினையின் வழி வந்தது. ஆக, வரவு செலவு என்பது கணக்கேட்டுச் சொல்லாகுமுன், நம்மிடம் வருவதும் நம்மைவிட்டுப் போவதும் என்னும் பொதுப்பொருள் உடையது.

இந்தப் பழைய விரிந்த பொருளிலேயே மருத்துவச் சிகிச்சையின் வரவு செலவை இவ்வுரையில் காண விழைகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை தக்கது என்று கூறும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும், ஒரு சிகிச்சையை ஏற்பதா வேண்டாமா என்னும் முடிவு மருந்தகத்தில் பிறப்பதில்லை. அது ஓர் உரையாடலில் பிறக்கிறது. அந்த உரையாடல் சொற்களால் ஆனது. சொற்கள் பிழைத்தால் தராசும் பிழைக்கும். சிகிச்சை பற்றி வீட்டிலும் மருத்துவமனையிலும் நாம் பேசும் தமிழ், சீர்தூக்க உதவும் தமிழாக இருக்கிறதா என்பதே இவ்வுரையின் வினா.

2. எமது மொழிபெயர்ப்புப் பிழை

பிறர் பிழையைக் காட்டுவதைவிட எம் பிழையைக் காட்டித் தொடங்குவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன், 76 வயதான எம் தமக்கையாரின் சிறுநீரகங்கள் பெரும்பாலும் செயலிழந்தன. நெடுங்கால நீரிழிவு அதற்குக் காரணம். இதய நோயும் உடன் இருந்தது. சிங்கப்பூரில் மருத்துவமனை ஒன்றில் இளம் மருத்துவர் ஒருவர் எதிரே நாங்கள் அமர்ந்திருந்தோம். தமக்கையாருக்குத் தெரிந்த ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவே. மொழிபெயர்க்கும் பொறுப்பை நாமே ஏற்றோம்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னவை நான்கு. இரத்தச் சுத்திகரிப்பு சிறுநீரகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதன் வேலையில் ஒரு பகுதியை மட்டும் இயந்திரம் செய்யும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம், வாழ்நாள் முழுதும் அது தொடர வேண்டும். இந்த வயதில், இதய நோயும் உள்ள நிலையில், ஆயுள் எவ்வளவு நீளும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. சிலர் இயந்திரச் சிகிச்சையை ஏற்காமல், மூச்சுத்திணறல், அரிப்பு, குமட்டல் முதலிய தொல்லைகளைத் தணிக்கும் மருந்துகளோடு வாழ்வதைத் தேர்ந்துகொள்கின்றனர். அதற்கும் மருத்துவக் குழு துணை நிற்கும்.

இவற்றைச் சொல்ல அவர் ஏறத்தாழப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். நாம் தமிழில் சொன்னது இதுதான்: “அக்கா, சிறுநீரகம் சரியா வேலை செய்யல. இரத்தத்தச் சுத்தம் பண்ணணும்னு சொல்றாங்க. பண்ணினா நல்லது.” அவர் தலையசைத்தார். படிவத்தில் கையெழுத்திட்டார்.

ஆறு வாரம் கழிந்தது. ஒருநாள் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வீடு திரும்பும்போது வண்டியில் அவர் கேட்டார்: “தம்பி, இன்னும் எத்தனை தடவ போகணும்?”

தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, பல்லாண்டு மாணவர்க்குச் சொற்பொருளியல் கற்பித்த எமக்கு அந்த வினா உணர்த்தியது ஒன்றே. அவர் எதற்குக் கையெழுத்திட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் மருத்துவர் அல்லர், நாமே.

பிழை எங்கே நிகழ்ந்தது? ‘சுத்தம் பண்ணுதல்’ என்பது முடிவைத் தன்னுள் கொண்ட வினை. புண்ணைச் சுத்தம் செய்து கட்டினால் ஆறிவிடும் என்பதே நம் பட்டறிவு. ஆகவே இரத்தத்தையும் சில முறை சுத்தம் செய்தால் வேலை முடிந்துவிடும் என்று அவர் கொண்டார். ‘செய்தால் நல்லது’ என்பதோ, வடிவத்தில் நன்மையைக் கூறும் தொடர். வழக்கில் மென்மையான கட்டளை. “நேரத்துக்குச் சாப்பிட்டால் நல்லது” என்று ஒருவர் சொன்னால், சாப்பிடு என்பதே பொருள். மருத்துவர் இரண்டு வழிகளை வைத்து ஒரு வினா எழுப்பினார். எம் வாய்வழி அது கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது.

3. வரவு: நான்கு வினைகள்

சிகிச்சையால் வரும் நன்மையைக் குறிக்க நம்மிடம் பொதுவாக வழங்கும் சொல் ‘குணமாதல்’. எல்லா நன்மையையும் இந்த ஒரு சொல்லில் அடைப்பதே முதற்சிக்கல். குறைந்தது நான்கு வகை நன்மைகளை நாம் பிரித்துச் சொல்ல வேண்டும். நான்குக்கும் தமிழில் எளிய வினைகள் உள்ளன.

முதலாவது, தீர்தல். நுண்ணுயிரால் வந்த நிமோனியா உரிய மருந்தால் தீரும். கண்புரை அறுவைச் சிகிச்சையால் பார்வை மீளும். இரண்டாவது, கட்டுப்படுதல். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பெரும்பாலோர்க்கு மருந்தால் கட்டுப்படும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் ஏறும். மூன்றாவது, நீடித்தல். நோய் இருந்தபடி இருக்க, ஆயுள் சில மாதங்களோ ஆண்டுகளோ நீளும். நான்காவது, தணிதல். ஆயுள் நீளாமற்போனாலும் வலியும் மூச்சுத்திணறலும் குறையும். இருக்கும் நாள் இருக்கத்தக்க நாளாகும்.

ஒரே சிகிச்சை ஒருவர்க்குத் தீர்வாகவும் மற்றொருவர்க்குத் தணிவாகவும் அமையலாம். தொடக்க நிலைப் புற்றுக்குத் தரும் கதிரியக்கச் சிகிச்சை தீர்வை நோக்கியது; எலும்பில் பரவிய புற்றுக்குத் தரும் கதிரியக்கம் பெரும்பாலும் வலியைத் தணிப்பதற்கு. இரண்டையும் ‘கதிர் வைத்தல்’ என்னும் ஒரே தொடரால் சொல்லும்போது, இரண்டாம் நோயாளி முதலாமவர்க்குரிய நம்பிக்கையோடு படுக்கையில் ஏறுகிறார். எதை நோக்கி இந்தச் சிகிச்சை என்பது தெரியாதவர், அது தரும் துன்பம் தகுமா என்று எடைபோட இயலாது.

நம் செய்தித்தாள்களில் நெடுங்காலமாக வழங்கும் தொடர் ஒன்று உண்டு: ‘சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்’. இறந்தால் சிகிச்சை பலனற்றது, பிழைத்தால் பலனுடையது என்னும் கணக்கு அத்தொடரில் அடங்கியிருக்கிறது. கடைசி இரண்டு வாரம் வலியின்றி, பேரப்பிள்ளைகளோடு பேசி மறைந்தவர் பெற்ற சிகிச்சை பலனற்றதா? அத்தொடரைக் கேட்டு வளர்ந்த குடும்பம், தணிவை ஒரு வரவாகவே எழுதாது.

4. எதில் எத்தனை?

வரவின் வகையை அறிந்தபின் அறிய வேண்டியது அதன் அளவு. இங்கே மொழியின் சிக்கல் இன்னும் நுண்ணியது.

1995 அக்டோபரில், பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. குறிப்பிட்ட சில புதியவகைக் கருத்தடை மாத்திரைகள், குருதி நாளங்களில் இரத்தம் உறையும் இடரை இரட்டிப்பாக்குகின்றன என்பது செய்தி. இரட்டிப்பு என்றால் நூறு விழுக்காட்டு உயர்வு. பெண்கள் அஞ்சிப் பலர் மாத்திரையையே நிறுத்தினர். உண்மை எண் என்ன? பழைய வகை மாத்திரை உண்டவர்களில் 7,000 பேருக்கு ஒருவர் என்றிருந்தது, புதிய வகையால் 7,000 பேருக்கு இருவர் ஆயிற்று. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்பட்டது. கருவுற்றிருத்தலே அந்த மாத்திரையைவிட இரத்தம் உறையும் இடரை மிகுவிக்கும் என்பது இதில் அமைந்த முரண். ‘இரட்டிப்பு’ என்பது பொய்யன்று. எதன் இரட்டிப்பு என்பது சொல்லப்படவில்லை, அவ்வளவே.

அச்சத்தைப் போலவே நம்பிக்கையும் இவ்வாறு பெருக்கிக் காட்டப்படலாம். உயர் இரத்த அழுத்தத்தோடு வேறு சில இதய நோய்க் காரணிகளும் உள்ள 10,305 பேரிடம், அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்தை ஆராய்ந்த முடிவு 2003இல் வெளியாயிற்று. மாரடைப்பும் இதய நோய் இறப்பும் 36 விழுக்காடு குறைந்தன என்பது தலைப்புச் செய்தி. அதே முடிவை இன்னொரு வகையிலும் சொல்லலாம். ஏறத்தாழ மூன்றே கால் ஆண்டுக் காலத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு மூவர்க்கு அந்நிகழ்வு நேர்ந்தது. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு இருவர்க்கு நேர்ந்தது. அதாவது, நூறு பேர் அக்காலம் முழுதும் மாத்திரை உண்டால், ஏறத்தாழ ஒருவர்க்கு அது தடுக்கப்படும்.

இரண்டு கூற்றும் மெய். ஆனால் முதற்கூற்றைக் கேட்டவர், மாத்திரை உண்ணும் நூற்றுவரில் 36 பேர் காப்பாற்றப்படுவர் என்றே எண்ணிக்கொள்வார். ‘36 விழுக்காடு குறையும்’ என்னும் தொடரில் எதில் 36 என்னும் உறுப்பு தொக்கு நிற்பதே இதற்குக் காரணம். நூற்றுக்கு மூன்றில் 36 விழுக்காடு என்றால் ஏறத்தாழ ஒன்று. முன்பே மாரடைப்பு வந்த ஒருவர்க்கு அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கு இருபது என்னும் இடர் இருப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். அதே 36 விழுக்காடு அவர்க்கு ஏழு என்றாகும். மருந்து ஒன்றே, விழுக்காடும் ஒன்றே. வரவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே, இதனைக் கேட்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டா. தம் நிலையில் எண் என்ன என்று தம் மருத்துவரைக் கேட்பதே செய்யத்தக்கது.

‘ஆபத்து’ என்னும் சொல்லையும் இங்கு நோக்க வேண்டும். நம் வழக்கில் ஆபத்து உண்டு அல்லது இல்லை. அதற்கு அளவு கிடையாது. “ஆபரேஷன்ல ஆபத்து இருக்கா?” என்னும் வினாவுக்கு எந்த நேர்மையான மருத்துவரும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆம் என்றால் குடும்பம் கலங்கும். வினாவைத் திருத்தினால் விடையும் திருந்தும். “எங்க அம்மா மாதிரி நூறு பேருக்கு இதச் செஞ்சா, எத்தன பேருக்குக் கோளாறு வரும்?” ‘நூற்றில் இத்தனை பேர்’ என்பது இயல்பான தமிழ், எழுத்தறியாதவரும் அதனைக் கண்முன் கொண்டுவர இயலும்.

5. ஒரே எண், இரு முகம்

எண்ணைச் சொன்னால் போதுமா என்றால், போதாது. 1982இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் புற்றுக்கு அறுவைச் சிகிச்சையா, கதிரியக்கமா என்று தேர்ந்தெடுக்குமாறு பலரிடம் கேட்டனர். ஒரு சாரார்க்கு, அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் நூற்றுவரில் 90 பேர் அதனைக் கடந்து உயிரோடிருப்பர் என்றனர். மற்றொரு சாரார்க்கு, 10 பேர் அப்போதே இறப்பர் என்றனர். இரண்டும் ஒன்றே என்பதை ஒரு சிறுவனும் கூறுவான். ஆயினும் ‘இறப்பர்’ என்று கேட்டவர்கள் அறுவைச் சிகிச்சையை விலக்கிக் கதிரியக்கத்தைத் தேர்ந்தது மிகுந்தது. நோயாளிகள் மட்டுமல்லர், மருத்துவர்களும் இதற்கு விலக்காக இல்லை.

நம் வீடுகளில் சாவைக் குறிக்கும் சொல்லை நோயாளி முன் சொல்லமாட்டோம். அது மங்கலம் கருதிய நல்ல பண்பே. ஆனால் அதன் விளைவாக, எண்ணின் ஒரு முகம் மட்டுமே நோயாளியை அடைகிறது. இதற்குத் தீர்வு எளிது. இரண்டு முகத்தையும் அடுத்தடுத்துச் சொல்லுதல்: “நூறு பேரில் 90 பேர் நலமாக வீடு திரும்புவர், 10 பேர் திரும்பமாட்டார்கள்.” ‘திரும்பமாட்டார்கள்’ என்னும் மங்கல வழக்கு பண்பையும் காக்கும், பொருளையும் மறைக்காது.

6. செலவு: பணம் மட்டுமன்று

இனிச் செலவுக்கு வருவோம். சிகிச்சைச் செலவு என்றவுடன் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், காப்புறுதி ஆகியவற்றைப் பற்றி நம்மவர் தெளிவாகவே பேசுகின்றனர். பணக்கணக்கில் நமக்குக் குறையில்லை. மற்றச் செலவுகளே எழுதப்படுவதில்லை.

காலத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணிநேரம் என்றால் ஆண்டுக்கு 156 முறை, 624 மணிநேரம். போக்குவரத்தும் காத்திருப்பும் சேர்த்து முறைக்கு ஆறு மணிநேரம் என்று கொண்டால் 936 மணிநேரம். எம் தமக்கையார் சிகிச்சை முடிந்த பின் மாலை முழுதும் சோர்ந்து படுத்திருப்பார். அதனையும் கூட்டினால் வாரத்தில் மூன்று நாள் போயின. நீளும் ஆயுளில் எத்தனை நாள் நம்முடையது, எத்தனை நாள் சிகிச்சையினுடையது என்பது கேட்கத்தக்க கணக்கு.

அடுத்து, ஆற்றல். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்து, இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் நூற்றுக்கு 58 பேர் இறந்தனர். தொடங்குமுன் இருந்த செயலாற்றலை, அதாவது தாமே உண்ணுதல், உடுத்தல், நடமாடுதல் போன்றவற்றை, ஓராண்டின் பின்னும் இழக்காமல் இருந்தவர் நூற்றுக்கு 13 பேரே. இது முன்பே தளர்ந்து இல்லத்தில் இருந்தவர்களைப் பற்றியது. நடந்து திரியும் ஒருவர்க்கு இதனை அப்படியே பொருத்தக் கூடாது. சிகிச்சை பெறாதிருந்தால் அவர்கள் நிலை என்னவாகியிருக்கும் என்பதையும் இவ்வெண்கள் சொல்லா. இளையோர் பலர் சுத்திகரிப்போடு பல்லாண்டு வேலை பார்த்து வாழ்கின்றனர். எனினும், தளர்ந்த முதியவர்க்கு இச்சிகிச்சை பழைய நடமாட்டத்தை மீட்டுத்தரும் என்னும் எதிர்பார்ப்பை இவ்வெண்கள் தாங்கவில்லை.

மூன்றாவது, ‘பக்க விளைவு’ என்று நாம் பெயரிட்டு ஒதுக்கியவை. பக்கம் என்னும் சொல் அது நடுவில் இல்லை என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கிறது. புற்றுநோய் மருந்துகள் சில, விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யும். வீணை வாசிப்பவர்க்கும் தையல் தொழிலாளிக்கும் அது பக்கத்தில் இருப்பதன்று, வாழ்வின் நடுவில் இருப்பது. எது பக்கம், எது நடு என்று கூறத்தக்கவர் நோயாளி ஒருவரே. நான்காவது, உடனிருப்பவர் செலவு: விடுப்பு எடுக்கும் மகன், வேலையை விடும் மருமகள். இவர்களுடைய பங்கை வாய்திறந்து சொல்வது நன்றிகேடு என்று கருதுகிறோம். சொல்லாததால் அது குறைவதில்லை.

7. செய்யாமையும் ஒரு செயலே

திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் 47ஆம் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் அழிவதையும் ஆவதையும் பின்னர்க் கிடைக்கும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், செய்யத் தகாததைச் செய்வதாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாமையாலும் கேடு என்கிறது. அரசியலைப் பற்றிய அதிகாரம் அது. ஆயினும் இரு தட்டையும் ஒருங்கே வைக்கும் நெறி மருத்துவத்துக்கும் பொருந்தும். ‘செய்யாமை’ என்னும் எதிர்மறைத் தொழிற்பெயரை ஒரு முழுச்சொல்லாகப் படைத்துக்கொண்ட மொழி, செய்யாமையையும் தேர்ந்துகொள்ளத்தக்க ஒன்றாகவே எண்ணியிருக்க வேண்டும்.

இன்றைய வழக்கோ வேறு. கடுஞ்சிகிச்சை வேண்டா என்று மருத்துவர் கருத்துரைத்தால், “டாக்டர் கைவிரிச்சிட்டார்” என்கிறோம். குடும்பம் அவ்வாறு முடிவெடுத்தால், “கைவிட்டுட்டாங்க” என்கிறோம். தணிப்புப் பராமரிப்புக்கு வழங்கும் ‘அந்திமகாலப் பராமரிப்பு’ என்னும் பெயரோ, பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. தணிப்புச் சிகிச்சை இறுதி நாள்களுக்கு மட்டும் உரியதன்று, பிற சிகிச்சைகளோடு சேர்த்தும் தரத்தக்கது. கைவிடுதல் என்பது பழி. பழிக்கு அஞ்சி ஏற்கும் சிகிச்சையை எவரும் சீர்தூக்குவதில்லை.

மறுபுறம், ஆறப்போடுதலும் செலவுள்ள செயலே. தீரக்கூடிய நிலையில் கண்டறிந்த மார்பகக் கட்டியை, ‘கத்தி வைத்தால் பரவும்’ என்னும் அச்சத்தால் நாட்டு மருந்தோடு ஓராண்டு தள்ளிப்போட்டவர்களை நாம் அறிவோம். சீர்தூக்குதல் என்பது சிகிச்சையை மறுக்கும் கலையன்று. இரு தட்டிலும் உள்ளதைக் கண்டபின் ஏற்பது அது. அல்லது கண்டபின் மறுப்பது.

8. நான்காமவர் முதலாமவர் ஆகலாமா?

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக்குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். இவ்வரிசையில் நோயுற்றவர் முதலில் நிற்கிறார்; அருகிருப்பவர் நான்காவது. அதற்கு முந்திய குறளும், மருத்துவர் எண்ணவேண்டியவற்றுள் நோயாளியின் அளவையே முதலில் வைத்து, நோயின் அளவையும் காலத்தையும் அடுத்து வைக்கிறது.

இக்காலச் சட்டமும் ஏறத்தாழ அதே திசையில் நகர்ந்துள்ளது. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மான்ட்கமரி வழக்கில், நோயாளி முடிவெடுக்கத் தேவையான முக்கிய இடர்களையும் மாற்று வழிகளையும் மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அந்நெறியைச் சில மாற்றங்களோடு ஏற்றது. பின்னர்க் குடிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள பிரிவு, மருத்துவர் அறிவுரை தகுந்ததா என்பதைச் சக மருத்துவர்களின் கருத்தைக்கொண்டு அளக்கிறது. ஆயினும் அக்கருத்து, நோயாளி முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவலைக் கணக்கில் கொண்டிருக்க வேண்டும் என்கிறது.

சட்டம் மருத்துவரின் வாய்வரை வந்து நிற்கிறது. அங்கிருந்து நோயாளியின் செவிவரை உள்ள தொலைவைப் பல வீடுகளில் மகனோ மகளோ தம்பியோ கடக்கிறார். அவர் அன்பால் சுருக்குகிறார், அச்சத்தால் மறைக்கிறார், தம் முடிவை மருத்துவர் வாக்காகச் சொல்கிறார். நான்காமவர் முதலாமவர் இடத்தில் அமர்ந்துவிடுகிறார். அன்று நாம் செய்தது அதுவே. மொழிபெயர்க்க அமரும் உறவினர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று: மருத்துவர் சொன்னதைச் சொல்லி முடித்தபின், உங்கள் கருத்தை “இது நான் நினைக்கிறது” என்று வேறாகப் பிரித்துச் சொல்லுங்கள். பிறகு, கேட்டவர் தாம் விளங்கிக்கொண்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். எம் தமக்கையாரை அன்றே அவ்வாறு சொல்லச் சொல்லியிருந்தால், ஆறு வாரம் அவர் அறியாமையில் கழிந்திராது.

9. நிறைவாக: ஐந்து வினாக்கள்

இதுவரை கண்டவற்றை மருத்துவர் அறைக்குக் கொண்டுபோகத்தக்க ஐந்து வினாக்களாகத் தொகுக்கலாம். பேச்சுத் தமிழிலேயே தருகிறோம். தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: இது நோயத் தீர்க்குமா, கட்டுப்படுத்துமா, ஆயுள நீட்டுமா, தொல்லையத் தணிக்குமா?
இரண்டு: என்ன மாதிரி நூறு பேர் செஞ்சா எத்தன பேருக்கு நல்லது, எத்தன பேருக்குக் கோளாறு?
மூணு: செய்யாம விட்டா அந்த நூறு பேருக்கு என்ன ஆகும்?
நாலு: எவ்வளவு நாள் செய்யணும், ஒவ்வொரு வாரமும் எப்படி இருக்கும்?
அஞ்சு: ஆரம்பிச்சுட்டு நிறுத்தலாமா, எப்போ திரும்பப் பேசலாம்?

தமக்கையார் அவ்வினாவைக் கேட்ட மறுவாரம், அதே மருத்துவரிடம் மீண்டும் சென்றோம். இம்முறை மருத்துவமனையில் பணியாற்றும் தமிழ்த் தாதி ஒருவர் மொழிபெயர்த்தார்; நாம் வாய் திறக்கவில்லை. கேட்டு முடித்தபின் தமக்கையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு இரண்டு சொன்னார். திங்கள், புதன், வெள்ளி என்றிருந்த முறையைச் செவ்வாய், வியாழன், சனி என்று மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும். இரண்டாவது: “நானா எழுந்து நடக்குற வரைக்கும் செய்றேன். முடியாமப் போனா, அப்ப மறுபடியும் என்னயத்தான் கேக்கணும்.”

வெள்ளிக்கிழமை அவருக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது எங்கள் எவர் கணக்கிலும் இருந்ததில்லை. அது பணத்தாளில் வராது. எந்த ஆய்விலும் வராது. அவர் வாயிலிருந்துதான் வர முடியும். ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து அவர் நடமாட்டம் ஒடுங்கியபோது, சொன்னபடி அவரையே கேட்டோம். போதும் என்றார். வலி தணிக்கும் மருந்துகளோடு வீட்டிலேயே இருந்து, பத்து நாளில் அமைதியாக மறைந்தார். அவர் கைவிடப்பட்டார் என்று எம் குடும்பத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

சங்க அகப்பாடல்களில் ‘செலவழுங்கல்’ என்று ஒரு துறை உண்டு. பொருள்வயிற் பிரியப் புறப்பட்ட தலைவன், புறப்பாட்டை நிறுத்தித் தயங்குதல் அது. அந்தத் தயக்கம் செல்லாமை ஆகாது, தலைவியை ஆற்றுவிக்கும் பொருட்டு நிகழும் இடைநிற்றலே என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்குகிறது. சிகிச்சைக்குப் புறப்படுமுன் நின்று, வருவது என்ன, போவது என்ன என்று கேட்பதும் அத்தகைய இடைநிற்றலே. அதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்நிமிடங்களை நோயுற்றவர்க்கு, அவர்க்கு விளங்கும் தமிழில், முழுமையாகக் கொடுப்பது அருகிருக்கும் நம் கடமை.